மூன்று வருஷம் முடிந்தால் லைசன்ஸ் தானாகக் கைக்கு வருமா?

வாகனம், காப்புறுதி, சட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஐந்து கடிதங்கள் ஒரே பக்கம் வந்து சேர்ந்தன. பிள்ளையோ தம்பியோ கணவரோ அமெரிக்காவில் இருக்கிறார், குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டு லைசன்ஸ் போயிருக்கிறது, அதை மீட்கிற வழியில் நிற்கிறார், இங்கே இருக்கிற வீட்டுக்காரருக்கு அங்கே என்ன நடக்கிறதென்று முழுதாக விளங்கவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றையே எடுத்துக்கொண்டேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒன்று நம் ஊர் லைசன்ஸ் பற்றியது, ஆனால் அதுவும் இதே வலிதான் என்பதால் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில் வேலை செய்கிறான். 2022இல் ஒரு பார்ட்டி முடிந்து வரும் வழியில் பொலிஸ் பிடித்து, ஆறு மாதம் லைசன்ஸ் இல்லாமல் இருந்தான். பிறகு எஸ்.ஆர். 22 என்று ஒரு இன்சூரன்ஸ் போட்ட பின்தான் ஓட விட்டார்கள். மூன்று வருஷம் கட்ட வேண்டும் என்றார்கள், அது முடிந்துவிட்டது என்கிறான். கொம்பனியில் கேட்டதற்கு, வேண்டுமானால் எடுத்துவிடலாம், உங்கள் விருப்பம் என்று சொன்னார்களாம். மாதம் மாதம் அவன் கட்டுகிற காசை நினைத்தால் எடுத்துவிடு என்று சொல்லத்தான் மனம் வருகிறது. சொல்லலாமா?
ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: இன்னும் சொல்லாதீர்கள் அம்மா. கீழே எழுதியிருக்கிற ஒரு வேலையை மகன் முடித்த பிறகு சொல்லுங்கள். காசு நெருக்குவது விளங்குகிறது, ஆனால் இந்த இடத்தில் கொஞ்சம் அசந்து போனதால் வருஷக்கணக்கில் பின்னால் போன ஒருவரை என் சொந்தக்காரரிலேயே பார்த்தவன் நான்.

முதலில் அது என்ன பொருள் என்று பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் அதை ஒரு இன்சூரன்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். மகனிடம் இருப்பது எல்லோரிடமும் இருக்கிற கார் இன்சூரன்ஸ்தான். எஸ்.ஆர். 22 என்பது அந்தக் கொம்பனி மாநிலத்தின் மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு, அங்கே டி.எம்.வி. என்பார்கள், எழுதி அனுப்புகிற ஒரு பத்திரம். இவர் எங்களிடம் சட்டம் கேட்கிற அளவுக்குக் காப்புறுதி வைத்திருக்கிறார், அது நின்றால் உங்களுக்கு அறிவிப்போம் என்று அதில் பொறுப்பேற்கிறார்கள். நம் ஊரில் ஒருவருக்கு இன்னொருவர் கோர்ட்டில் பிணை நிற்பாரே, கிட்டத்தட்ட அது மாதிரி. பத்திரத்தை அனுப்புவதற்குக் கொம்பனிகள் எடுக்கிற கட்டணம் பொதுவாக 15 டொலரிலிருந்து 50 டொலருக்குள்தான் இருக்கும். மாதா மாதம் மகனைக் கடிக்கிற காசு அந்தப் பத்திரத்துக்கானது இல்லை, குடித்துவிட்டு ஓடியவர் என்று பெயர் விழுந்ததால் ஏறிய பிரீமியம் அது. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பிறகு மனம் விட்டுப்போகும், கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பழக்கத்தில் யோசித்தால் இது பிடிபடாது. இங்கே காப்புறுதி வாகனத்தோடு ஒட்டிய விஷயம். வருஷத்துக்கு ஒரு தரம் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது காப்புறுதிச் சான்றையும் புகைப் பரிசோதனைச் சான்றையும் காட்டுகிறோம், அதோடு சரி, அரசாங்கம் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே எஸ்.ஆர். 22 விழுந்த ஆளை மாநிலம் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. நியூ ஹம்ஷயர் என்று ஒரு மாநிலம் இருக்கிறது, அங்கே சாதாரண ஆளுக்குக் கார் இன்சூரன்ஸே கட்டாயமில்லை, ஆனால் குடித்துவிட்டு ஓடித் தண்டனை பெற்றவருக்கு இந்தப் பத்திரம் கட்டாயம்.

சரி, மூன்று வருஷம். கலிபோர்னியாவில் மூன்று வருஷம் என்பது சரிதான். எந்த நாளிலிருந்து என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பொலிஸ் பிடித்த இரவுதான் மனதில் பதிந்திருக்கும், அதனால் அந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள். மாநிலங்கள் அப்படி எண்ணுவதில்லை. சில இடங்களில் தீர்ப்பு வந்த நாள், சில இடங்களில் லைசன்ஸ் திரும்பக் கிடைத்த நாள், இப்படி மாறும். பிடிபட்டதற்கும் தீர்ப்புக்கும் இடையில் ஏழெட்டு மாதம் ஓடியிருந்தால் மகனின் கணக்கு அவ்வளவுக்குப் பிழைத்துவிடும். கொம்பனிக்காரர் சொன்னதையும் கவனியுங்கள், வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்றார்கள், முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. தேதி இருப்பது டி.எம்.வி.யின் பதிவில். வாடிக்கையாளர் எடுக்கச் சொன்னால் அவர்கள் எடுத்துவிடுவார்கள், மறுபக்கம் டி.எம்.வி.க்குக் காப்புறுதி நின்றுவிட்டது என்று அறிவிப்பும் போய்விடும். பல மாநிலங்களில் அந்த அறிவிப்புக்கு எஸ்.ஆர். 26 என்று பெயர். அது போய்ச் சேர்ந்தால் லைசன்ஸ் திரும்ப நிற்கும்.

ஆகவே மகன் செய்ய வேண்டிய வேலை இதுதான். டி.எம்.வி.க்கு அவரே போன் எடுத்து, குடித்துவிட்டு ஓடிய வழக்குகளின் லைசன்ஸ் விஷயத்தைப் பார்க்கிற மாண்டட்டரி அக்ஷன்ஸ் யூனிட் என்ற பிரிவைக் கேட்டு, இரண்டே கேள்வி கேட்க வேண்டும். என் எஸ்.ஆர். 22 கட்டாயம் எந்தத் தேதியில் முடிகிறது, என் பெயரில் வேறு ஏதாவது முடியாமல் கிடக்கிறதா. பதிலை வாயால் வாங்கியதோடு விடாமல் தன் ஓட்டுநர் பதிவின் பிரதியையும் எடுத்துப் பார்க்கட்டும். நீங்கள் இங்கிருந்து எடுத்துக் கேட்க முடியாது, மற்றவருக்குச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் செய்யக்கூடியது அவரை நினைவூட்டுவது, அதுவும் நம் இரவு ஒன்பதரை அங்கே கோடை காலத்தில் காலை ஒன்பது மணி என்பதால் படுக்கப் போகுமுன் ஒரு மெசேஜ் போட்டால் சரியான நேரத்துக்குப் போய்ச் சேரும்.

இரண்டாவது கேள்வியை அவர் விட்டுவிடக் கூடாது. மூன்று வருஷமும் ஒழுங்காகக் கட்டியிருந்தும், வேறொரு கடதாசி போய்ச் சேராமல் லைசன்ஸில் ஒரு தடை ஒட்டிக்கொண்டே இருப்பதுண்டு. கலிபோர்னியாவில் முதல் தடவை பிடிபட்டவருக்குக் குடி பற்றிய வகுப்பு உண்டு. சாதாரணமாக மூன்று மாதம், 30 மணித்தியாலம். இரத்தத்தில் மதுவின் அளவு 0.20 அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் ஒன்பது மாதம். வகுப்பு நடத்துகிறவர்கள் முடித்த சான்றை டி.எம்.வி.க்கு அனுப்பினார்களா என்று பார்க்க வேண்டும். லைசன்ஸை மீளத் தருவதற்கு 125 டொலர் கட்டணம், அதைக் கட்டிய ரசீது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோர்ட்டில் தண்டம் கட்டியதும் டி.எம்.வி.யில் கட்டணம் கட்டியதும் இரண்டு வேறு விஷயங்கள், ஒன்றைக் கட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்தவர்கள் உண்டு.

இப்போது நான் சொன்ன சொந்தக்காரர். என் மாமாவின் மகன், எனக்கு மச்சான் முறை, வேறொரு மாநிலத்தில் இருந்தார். அங்கேயும் மூன்று வருஷம், இடையில் அறுந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்ற விதி. இரண்டு வருஷமும் ஐந்து மாதமும் ஒரு பிசகில்லாமல் கட்டினார். பிறகு வங்கி அவருடைய கார்டை மாற்றிப் புது எண் கொடுத்தது, பழைய எண்ணில் தானாகக் கழிகிற பிரீமியம் கழியவில்லை. கொம்பனி கடிதம் போட்டது, ஆனால் அவர் வீடு மாறியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். உறையின் மேல் தபால்காரர்கள் ஒட்டுகிற மஞ்சள் சீட்டு, அதில் புது விலாசம், உள்ளே பத்து நாளைக்குள் கட்டாவிட்டால் ரத்து என்று ஒரே ஒரு பந்தி. அது சுற்றிச் சுற்றி அவர் கைக்கு வந்தபோது பதினாறாவது நாள். அதற்கும் அவர் உடனே பிரிக்கவில்லை, விளம்பரக் கடிதம் என்று மேசையில் போட்டுவிட்டார். பின்பக்கத்து லைட் ஒன்று எரியவில்லை என்று பொலிஸ் மறித்தபோதுதான் லைசன்ஸ் செத்துக் கிடப்பது தெரிந்தது. 29 மாதமும் வீணாகி, திரும்ப 36 மாதம் ஓடினார். இன்றைக்கும் அந்த உறையை வைத்திருக்கிறார், எறிய மனம் வரவில்லை என்று சொல்வார். உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள், கார்டு, விலாசம், போன் எண் மூன்றும் கொம்பனியிலும் டி.எம்.வி.யிலும் புதிதாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கட்டும்.

மலிவான கொம்பனிக்கு மாற நினைத்தாலும் வரிசை முக்கியம். புதுக் கொம்பனியில் காப்புறுதி எடுத்து, அவர்கள் எஸ்.ஆர். 22ஐ டி.எம்.வி.க்கு அனுப்பி, அது பதிவில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும். சில நாளைக்கு இரண்டு பக்கமும் காசு போகும், போகட்டும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஆகக் குறைந்த காப்புறுதித் தொகையும் கூடியிருக்கிறது, ஒருவருக்குக் காயமென்றால் 30,000 டொலர், ஒரு விபத்தில் எல்லோருக்கும் சேர்த்து 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. யாராவது பழைய 15,000, 30,000, 5,000 கணக்கில் மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம்.

கடைசியில் சொல்கிறேன் என்றது இதுதான். எஸ்.ஆர். 22 போனதும் பிரீமியம் பழையபடி இறங்கிவிடும் என்று நினைத்திருப்பீர்கள். இறங்காது. கலிபோர்னியாவில் நல்ல ஓட்டுநருக்குச் சட்டப்படியே 20 வீதம் கழிவு உண்டு, குடித்துவிட்டு ஓடிய தீர்ப்பு பதிவில் இருக்கிற பத்து வருஷமும் அந்தக் கழிவு கிடைக்காது. மூன்று வருஷம் முடிவதால் கிடைப்பது, ஒரு நாள் காசு பிந்தினால் லைசன்ஸ் போகும் என்ற பயத்திலிருந்து விடுதலை. அதுவே பெரிய விஷயம் அம்மா. இத்தனை நாள் கட்டி வந்த பிள்ளையை ஒரு வார்த்தை நல்லதாகவும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தம்பி டெக்சாசில் இருந்து எட்டு மாதத்துக்கு இங்கே வந்து நிற்கிறான், அப்பாவின் ஒப்பரேஷன் விஷயமாக. போகுமுன் காரை விற்றுவிட்டான். கார் இல்லாதவனுக்கு என்ன கார் இன்சூரன்ஸ் என்று எஸ்.ஆர். 22ஐ நிறுத்தப் பார்க்கிறான். இங்கே என் காரை ஓடுவதில் பிரச்சினை உண்டா?
தெஹிவளை வாசகர்

பதில்: நிறுத்த வேண்டாம். கார் இல்லாதவர்களுக்கென்றே ஒரு காப்புறுதி இருக்கிறது, நொன் ஓனர் பொலிசி என்பார்கள். மற்றவருடைய காரை எப்போதாவது வாங்கி ஓடும்போது எதிர்ப்பக்கத்துக்கு வருகிற சேதத்துக்கு மட்டும் அது பதில் சொல்லும், கார் என்ற பொருளே அதில் இல்லாததால் பிரீமியமும் பொதுவாகக் குறைவு. அதன் மேல் எஸ்.ஆர். 22 போட்டு அனுப்பலாம். தம்பி இன்றைக்கே தன் கொம்பனிக்கு எழுதி, பழைய பொலிசி நிற்கிற நாளிலேயே இது தொடங்குகிற மாதிரி மாற்றிக் கேட்கட்டும். வீட்டில் ஒன்றாக இருப்பவரின் காரை நாள்தோறும் ஓடுகிற ஆளுக்கு இந்தப் பொலிசி சரிவராது, திரும்பிப் போய் நண்பரோடு தங்குகிற எண்ணம் இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டெக்சாசில் காலம் இரண்டு வருஷம், தண்டனை விதித்த நாளிலிருந்து. அங்கே லைசன்ஸைப் பார்ப்பது டி.எம்.வி. இல்லை, டி.பி.எஸ். என்கிற பொதுப் பாதுகாப்புத் திணைக்களம். அவர்களுடைய இணையத்தளத்தில் லைசன்ஸ் எண்ணைப் போட்டால் என்ன நிலையில் இருக்கிறது, என்ன பாக்கி, எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும். தெஹிவளையில் இருந்தே பார்க்கலாம், இந்தப் பந்தியை வாசித்து முடித்ததும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் காரை ஓடுவது வேறு கதை. வெளிநாட்டு லைசன்ஸோடு இங்கே ஓடுவதென்றால் சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பு 3இல் இருக்கிற ஒட்டோமொபைல் அசோசியேஷனில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், அல்லது வெரஹரவில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் அடியில் உயிருள்ள லைசன்ஸ் ஒன்று இருக்க வேண்டும். அங்கே எஸ்.ஆர். 22 அறுந்து லைசன்ஸ் நின்றால் இங்கே இருக்கிற கடதாசிக்கும் மதிப்பில்லை, அந்த நேரம் பார்த்து காலி வீதியில் யாரையாவது தட்டிவிட்டால் உங்கள் காப்புறுதிக் கொம்பனி முதலில் கேட்கப்போவது ஓடியவரின் லைசன்ஸைத்தான். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் மாதங்களில் நீங்களே ஓடுங்கள், இல்லாவிட்டால் வாடகை வண்டி பிடியுங்கள். அப்பா சுகமாகட்டும்.

கேள்வி: நான் வேன் ஓடுகிறவன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வரும்போது பலூன் ஊதச் சொல்லிப் பிடித்து, நீதவான் தண்டமும் விதித்து ஆறு மாதம் லைசன்ஸை நிறுத்தினார். வருகிற மாதம் முடிகிறது. எப்படித் திரும்ப எடுப்பது? வெளிநாட்டில் மாதிரி இன்சூரன்ஸ் பத்திரம் ஏதும் கொடுக்க வேண்டுமா?
கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: அப்படி ஒரு பத்திரம் இலங்கையில் கிடையாது. ஆறு மாதத்தோடு முடிந்தது நல்லதென்று நினையுங்கள் அண்ணை, இந்தக் குற்றத்துக்கு ஒரு வருஷம் வரை நிறுத்தி வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, 25,000 முதல் 30,000 ரூபா வரை தண்டமும் மூன்று மாதம் வரை மறியலும் கூடச் சட்டத்தில் இருக்கிறது.

கட்டளையின் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கிற தேதிதான் கணக்கு, உங்கள் கலண்டர் இல்லை. தண்டம் கட்டிய ரசீது, அடையாள அட்டை, கட்டளைப் பிரதி மூன்றையும் கொண்டு வழக்கு நடந்த நீதவான் நீதிமன்றத்தின் பதிவாளர் காரியாலயத்துக்குப் போய், அனுமதிப்பத்திரம் யார் பொறுப்பில் இருக்கிறதென்று கேளுங்கள். காலை வேளையிலேயே போனால் நல்லது. ரசீதைத் தொலைத்திருந்தால் இந்த மாதமே வழக்கு எண்ணைச் சொல்லிப் பிரதி கேளுங்கள், கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, அனுமதிப்பத்திரத்தின் காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா? நிறுத்தி வைத்த மாதங்களுக்குள் அது காலாவதியாகியிருந்தால் நீதிமன்றம் கையில் தந்தாலும் ஓட முடியாது. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் வைத்தியச் சான்று எடுத்து, புதுப்பித்த பிறகுதான் வண்டியில் ஏறலாம். இரண்டு வேலைக்கும் நாள் பிடிக்கும், பாடசாலைத் தவணை தொடங்குகிற நாளை மனதில் வைத்து முன்கூட்டியே நடங்கள்.

காப்புறுதி பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், இங்கே அது வேனின் பெயரில் இருக்கிறது, உங்களை நிறுத்தியதால் அது நிற்காது. மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது இல்லாமல் வண்டி வீதிக்கு வந்தால் தண்டம் 25,000 ரூபாவுக்குக் குறையாது, ஆகவே வேன் சும்மா நின்றாலும் புதுப்பிக்கிற தேதியைத் தவற விடாதீர்கள். ஆனால் லைசன்ஸ் நிறுத்தப்பட்ட இந்தக் காலத்தில் நீங்கள் அதை ஓடி ஏதும் நடந்தால், ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் வண்டிச் சேதத்துக்குக் கொம்பனி கை விரிக்கும், மேலே புது வழக்கும் வரும். வேறு சாரதி போட்டிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போட்டிருந்தால் அவருடைய லைசன்ஸ் அந்த வகை வாகனத்துக்கானதா என்று ஒரு தரம் வாங்கிப் பாருங்கள்.

நேராக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஏற்றுவது பிள்ளைகளை. இங்கே சட்டம் வைத்திருக்கிற எல்லை 100 மில்லிலீட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம், ஆனால் இரவு நன்றாகக் குடித்தவருக்குக் காலை ஐந்தரைக்கு வேனை எடுக்கும்போதும் உடம்பில் அது மிச்சமிருக்கும், நித்திரை கொண்டு எழும்பியதால் போய்விடாது, பிளேன்ரீ குடித்தாலும் போகாது. ஓட்டம் உள்ள நாளுக்கு முந்தின இரவும் தொடாதீர்கள்.

கேள்வி: என் மகன் வேர்ஜீனியாவில் பிடிபட்டு எப்.ஆர். 44 என்று ஏதோ போட்டான். இப்போது வேலைக்காக நியூயோர்க் போய்விட்டான். நியூயோர்க்கில் எஸ்.ஆர். 22 என்ற ஒன்றே இல்லை, இனி கட்டத் தேவையில்லை என்று அவனுடைய சிநேகிதர்கள் சொல்கிறார்களாம். உண்மையா?
வத்தளை வாசகர்

பதில்: சிநேகிதர்கள் சொன்னதில் முதல் பாதி உண்மை. நியூயோர்க், பென்சில்வேனியா, வட கரோலினா, மினசோட்டா போன்ற சில மாநிலங்கள் எஸ்.ஆர். 22 கேட்பதில்லை. இரண்டாம் பாதிதான் பிழை. மகனுக்குக் கட்டளை போட்டது வேர்ஜீனியா, அவர் எங்கே குடியிருந்தாலும் அங்கே கணக்கு முடியாமல் இருக்கும். அமெரிக்கா முழுவதற்கும் தேசிய ஓட்டுநர் பதிவேடு ஒன்று இருக்கிறது, ஒரு மாநிலத்தில் லைசன்ஸ் நிறுத்தப்பட்டவரின் பெயர் அதில் கிடக்கும். புது மாநிலத்தில் லைசன்ஸ் கேட்டுப் போனால் அதைத் தட்டிப் பார்ப்பார்கள், அங்கே போய் முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள்.

எப்.ஆர். 44 எஸ்.ஆர். 22இன் அண்ணன் மாதிரி. வேர்ஜீனியா, புளோரிடா இரண்டு மாநிலங்கள்தான் அதைக் கேட்கின்றன. வேர்ஜீனியாவில் சாதாரண ஓட்டுநர் வைத்திருக்க வேண்டிய தொகையைப் போல இரண்டு மடங்கு வைத்திருக்க வேண்டும். புளோரிடாவில் ஒருவருக்கு 100,000 டொலர், ஒரு விபத்துக்கு 300,000, பொருள் சேதத்துக்கு 50,000. இரண்டு இடத்திலும் பொதுவாக மூன்று வருஷம். மகன் நியூயோர்க்கில் புது இன்சூரன்ஸ் எடுக்கும்போது, வேர்ஜீனியாவுக்குப் பத்திரம் அனுப்பக்கூடிய கொம்பனியா என்று முதலில் கேட்க வேண்டும், எல்லாக் கொம்பனியும் செய்வதில்லை. மாநிலத்தை விட்டுப் போனவர்களுக்கு நிபந்தனையைத் தளர்த்துகிற இடங்களும் உண்டு, ஆனால் அது தானாக நடக்காது. வேர்ஜீனியா டி.எம்.வி.க்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்த பிறகு நிறுத்துவதைப் பற்றி யோசிக்கட்டும்.

கேள்வி: கலியாணமாகி அடுத்த மாதம் கணவரோடு போகிறேன், கலிபோர்னியா. அவருக்கு எஸ்.ஆர். 22 இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. இங்கே ஐந்து வருஷமாக ஒரு கிளெய்ம் இல்லாமல் கார் ஓடியிருக்கிறேன். என் பெயரும் கெட்டுவிடுமா?
பம்பலப்பிட்டி வாசகி

பதில்: கெடாது தங்கச்சி. அந்தப் பத்திரம் அவர் ஒருவரின் பெயரில், உங்கள் பதிவு தனி. ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்களை ஒரே பொலிசியில் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள், அப்போது விலை இரண்டு பேரையும் பார்த்துத்தான் வரும். ஒன்றாகப் போட்டால் எவ்வளவு, உங்களுக்குத் தனியாக எடுத்து அவரை அதிலிருந்து விலக்கினால் எவ்வளவு என்று இரண்டு விலையும் கேளுங்கள். விலக்கினால் அவர் உங்கள் காரை ஒரு சந்திக்குக் கூட ஓடக் கூடாது, அதை இருவரும் ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்து வையுங்கள்.

போகுமுன் இங்கே உங்கள் காப்புறுதிக் கொம்பனியிடம் ஐந்து வருஷமும் கிளெய்ம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம், கொம்பனித் தலைப்புத் தாளில், திகதியும் முத்திரையும் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாரும் கணக்கில் எடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே போன பிறகு இங்கிருந்து அதை எடுப்பது பெரிய மினக்கேடு. அப்புறம், அவர் மாதா மாதம் கட்டுகிற தேதியை நீங்களும் தெரிந்து வைத்திருங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு ஞாபகம் இருந்தால் மேலே எழுதிய என் மச்சானுக்கு நடந்தது உங்கள் வீட்டில் நடக்காது.

கேள்வி: மகனுக்கு எஸ்.ஆர். 22 எல்லாம் முடிந்து லைசன்ஸும் வந்துவிட்டது. எச்1பி விசாவில் இருக்கிறான். தங்கச்சியின் கலியாணத்துக்குக் கொழும்பு வந்து, புது விசா குத்திக்கொண்டு திரும்பலாம் என்று திட்டம். வழக்கு நடந்து நாலு வருஷம். இதில் ஏதும் சிக்கல் வருமா?
கொள்ளுப்பிட்டி வாசகர்

பதில்: வரலாம் ஐயா, டிக்கெட் போடுமுன் கேட்டது நல்லது. டி.எம்.வி.யில் முடிந்தது விசாப் பக்கத்தில் முடிந்ததாகாது, இரண்டும் வேறு அலுவலகங்கள். குடித்துவிட்டு ஓடிக் கைதானவரின் விசாவை, தீர்ப்பு வருமுன்னரே கூட, அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் ரத்துச் செய்ய முடியும், 2015 முதல் அப்படிச் செய்து வருகிறார்கள். ரத்தான அறிவிப்பு பழைய மின்னஞ்சல் ஒன்றுக்கு வந்து மகன் பார்க்காமல் இருந்திருக்கவும் இடமுண்டு, அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கடந்த ஐந்து வருஷத்துக்குள் ஒரு கைது இருந்தாலும் நேர்முகத்துக்குப் பிறகு தூதரகம் குறித்த வைத்தியரிடம் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், குடிப் பழக்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க. நாலு வருஷம் என்றால் மகன் அதற்குள் வருகிறார்.

இது விசா கிடைக்காது என்பதற்கான அறிகுறி இல்லை. நாள் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான் பெரும்பாலும். கலியாணத்துக்கு இரண்டு வாரம் என்று லீவு போட்டு வந்தால் வைத்திய அறிக்கைக்காகக் காத்திருக்கும்போதே அந்த லீவு முடிந்துவிடும், அங்கே வேலை கேள்விக்குறியாகும். வருவதற்கு முன் அங்கேயே குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு தரம் பேசட்டும். வரும்போது நீதிமன்றம் உறுதிப்படுத்திய தீர்ப்பின் பிரதி, வகுப்பு முடித்த சான்று, தண்டம் கட்டிய ரசீது, லைசன்ஸ் திரும்பக் கிடைத்ததைக் காட்டுகிற ஓட்டுநர் பதிவு எல்லாவற்றையும் கைப்பையில் கொண்டு வரட்டும், பெட்டியில் போட வேண்டாம். விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் எழுத வேண்டும். வழக்கு முடிந்துவிட்டதே என்று இல்லை என்று எழுதினால், குடித்ததை விட அந்தப் பொய்தான் பெரிய குற்றமாகிவிடும். கலியாணத் தேதி இன்னும் குறிக்கவில்லை என்றால், மகன் சட்டத்தரணியோடு பேசி முடிக்கும் வரை மண்டபத்துக்கு முற்பணம் கட்டாமல் இருங்கள்.